கண்டியில் ஒரு காலை நடை: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பித்த காலத்தில் வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப்போவேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. புசல்லாவையில் யார் வீட்டுக்காவது வெளியூர்ச் சொந்தம் வந்தால், "டீச்சர், கண்டியக் காட்டிட்டு வாங்களேன்" என்று கூப்பிடுகிறார்கள். எல்லா வீட்டுக்கும் என்னால் போக முடியாது. அதனால் நான் போகிற வழியை எழுதிவைக்கிறேன், உங்கள் ஆட்களை நீங்களே கூட்டிப்போங்கள்.

இந்த நடை முழுவதும் நான் ஒரு கதையைத்தான் சொல்லிக்கொண்டு போவேன். கண்டியின் கடைசி ராஜாவை ஆங்கிலேயர் 1815ல் பிடித்து, அடுத்த வருடம் வேலூருக்கு நாடு கடத்தினார்கள். பத்து வருடம் போவதற்குள், அவரைக் கொண்டுபோன தமிழ்நாட்டிலிருந்து நம்முடைய சனம் கோப்பி நட இந்தப் பக்கம் வரத் தொடங்கியது. ராஜா அந்தக் கரைக்குப் போனார், நாம் இந்தக் கரைக்கு வந்தோம். ஒவ்வொரு இடத்திலும் இதில் ஒரு துண்டைச் சொல்லிப் பாருங்கள், ஆண்டுகளைப் பிள்ளைகள் பாடமாக்கத் தேவையே இல்லை.

போகிற நாள் சனிக்கிழமையாக இருக்கட்டும். ஞாயிறு காலை வழியிலுள்ள சென் போல்ஸ் தேவாலயத்தில் பூசை நேரம். போயா என்கிற பௌர்ணமி நாளில், புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் நிற்க வேண்டும். முதல் வருடம் நான் 31 பிள்ளைகளோடு பதினொன்றரைக்குத்தான் டவுனுக்கு வந்து சேர்ந்தேன். கண்டி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம்தான், எங்கள் மலைக் குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வெயில் தாங்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஏரிக்கட்டில் சாய்ந்தவள் அப்படியே மயங்கிவிட்டாள். என் பொறுப்பில் வந்த பிள்ளை. அன்றையிலிருந்து காலைச் சாப்பாடு, தண்ணீர்ப் போத்தல், ஏழு மணி, இந்த மூன்றிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, கழற்றி மாட்ட லேசான செருப்பு. நடை எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டர் வராது.

குவீன்ஸ் ஹோட்டலுக்கு எதிரே ஏரி மூலையில் தொடங்குங்கள். ஹோட்டல் நிற்கும் நிலத்தில் முன்பு கண்டிப் பிரதானி ஒருவருடைய வளவு இருந்தது. பிறகு அதை ஆங்கிலேய ஆளுநர் தங்குமிடமாக எடுத்துக்கொண்டார். உள்ளே போக வேண்டாம், முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பாருங்கள். வயலாகக் கிடந்த இடத்தை 1807ல் ஏரியாக மாற்றத் தொடங்கியவர் அந்தக் கடைசி ராஜா, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மாளிகை வாசலருகே, தண்ணீரை ஒட்டினாற்போல இருக்கும் கட்டடம் ராணிமாரின் குளிப்பு மண்டபம். அதன்மேல் ஒரு மாடி கட்டிப் புத்தகசாலை ஆக்கியது ஆங்கிலேயர். கீழே ராஜா, மேலே வெள்ளைக்காரன் என்று ஒரே சுவரில் காட்டலாம்.

ராஜாவின் பிறந்த பெயரை இங்கே சொல்லுங்கள்: கண்ணுச்சாமி. 1739லிருந்து கண்டியை ஆண்டது நாயக்கர் வம்சம். நான் இந்தப் பெயரைச் சொன்ன ஒரு வருடம், பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "டீச்சர், எங்க லயத்திலயும் ஒரு கண்ணுச்சாமி தாத்தா இருக்காரு" என்றான். அதற்குப் பிறகு அன்று அவன் என் பக்கத்தை விட்டு நகரவில்லை.

தலதா மாளிகையைக் கும்பிட வருகிறவர்கள் கும்பிட்டு வரட்டும். ஆனால் பக்கத்திலிருக்கும் மகுல் மடுவத்தைத் தவறவிடாதீர்கள். செதுக்கிய மரத்தூண்கள் நிற்கும் திறந்த மண்டபம் அது. கண்டியை ஆங்கிலேயர் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2ஆம் திகதி இங்கேதான் வாசிக்கப்பட்டது. பன்னிரண்டு நாளுக்கு முன்பே, பெப்ரவரி 18ல், ராஜா பிடிபட்டிருந்தார். ஒரு தூணை எடுத்துக்கொண்டு அதன் வேலைப்பாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாத் தூணையும் காட்டப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது.

அடுத்தது தேவாலை வளாகம். தேவாலை என்றால் சிங்களவர் தெய்வங்களைக் கும்பிடும் கோயில். நாத தேவாலை 14ஆம் நூற்றாண்டுக் கற்கட்டடம், கண்டியில் இவ்வளவு பழையது வேறில்லை. அதன் தலைப்பகுதியைப் பார்த்தால் நம் கோயில் விமானம் நினைவுக்கு வரும். பக்கத்தில் பத்தினி தேவாலை. பத்தினி என்றால் நம் கண்ணகிதான். இந்த இடத்தில் நான் பேசுவதில்லை, பெண் பிள்ளைகளில் ஒருத்தியைச் சிலம்புக் கதை சொல்லவிடுவேன். அப்புறம் திரும்பிப் பாருங்கள்: இந்தத் தேவாலைகளுக்கு நடுவில் செங்கல் நிறத்தில் சென் போல்ஸ் தேவாலயம். 1846ல் கட்டி முடித்தது, ஆங்கிலப் படையினரின் கோயிலாக இருந்தது. ஊரில் வேறு நிலம் இல்லாமலா இங்கே கட்டினார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

இனி நடையின் பெரிய பகுதி. தேசிய அருங்காட்சியகத்துக்குப் பின்னால் சின்ன ஏற்றம், அதன் மேலே ஆங்கிலப் படையினரின் பழைய மயானம். பலரும் இதை நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முழுதாக ஒரு மணி நேரம் வையுங்கள். மழைக்குப் பிறகென்றால் புல்லில் அட்டை இருக்கும், காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பராமரிக்கிறவர் அங்கே இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் மரியாதை. கல்லில் உட்காரவோ சுரண்டவோ விடக்கூடாது.

195 கல்லறைகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, ஒவ்வொருவரும் ஒரு கல்லைத் தெரிவுசெய்து பெயர், வயது, இறந்த ஆண்டு எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்: வயதானவர்கள் குறைவு. இருபதும் முப்பதும்தான், கைக்குழந்தைகளும் உண்டு. பெரும்பாலும் மலேரியா, கொலரா. வாட்டர்லூ வரை பல போர்களில் தப்பிய கப்டன் மெக்லாஷன், திருகோணமலையிலிருந்து மழையில் நனைந்தபடி நடந்து வந்து 1817ல் காய்ச்சலில் செத்துப்போனார். ரொபர்ட்சன் என்பவர் 1856ல் காட்டு யானை அடித்து இறந்தவர், பையன்கள் எல்லோரும் அந்தக் கல்லுக்குத்தான் ஓடுவார்கள்.

நீங்கள் நிற்க வேண்டியது ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலியின் கல்லறைத் தூணுக்கு முன்னால். சிங்களம் நன்றாகக் கற்று, ஒற்றர்களை வைத்துக் கண்டியின் உள்விவகாரம் அறிந்து, பிரதானிகளை ராஜாவிடமிருந்து பிரித்தவர் இவர்தான். ஒப்பந்தமும் இவர் கைவேலை. 1824ல், 49 வயதில், இவரையும் காய்ச்சல் கொண்டுபோனது. அவர் இறக்கிவிட்ட ராஜா இன்னும் எட்டு வருடம் வேலூரில் இருந்து, 1832 ஜனவரி 30ல் இறந்தார். ராஜாவின் சமாதி அங்கே பாலாற்றங்கரையில், முத்து மண்டபத்தில் இருக்கிறது. டொயிலி ராஜாவின் அரண்மனைக்குப் பின்புறத்தில் படுத்திருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் இருந்தால் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

அதே காய்ச்சலிலும் கொலராவிலும்தான், மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்த நம் சனமும் விழுந்தது. என் அப்பாயி தன் அப்பாயி சொன்னதாகச் சொல்வார்: விழுந்தவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கங்காணி நடக்கச் சொல்வானாம். இதை நான் மயானத்தின் உள்ளே வைத்தே சொல்வேன். சொன்ன பிறகு உடனே கிளம்புவதில்லை.

கீழே இறங்கித் தலதா வீதிக்கு வாருங்கள். ஆளுநர் வார்ட் பெயரில் வார்ட் தெருவாக இருந்தது இது. இங்கே அதிகம் நிற்க வேண்டாம், ஒரு பிளேன்டியும் ரொட்டியும் போதும். அடுத்து போகம்பரைச் சிறையின் பெரிய சுவர். 1876ல் கட்டியது, 2014 தொடங்கும்போது மூடினார்கள். தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களில் கூட நின்ற சமசமாஜக் கட்சித் தலைவர்கள் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா போன்றோர் 1942 ஏப்ரலில் தப்பிப்போனது இந்தச் சிறையிலிருந்துதான்.

அங்கிருந்து கூப்பிடு தூரம் ரயில் நிலையம். கண்டிக்கு ரயில் வந்தது 1867ல், கோப்பியைக் கொழும்புக்கு இறக்குவதற்கு. அதே வருடம்தான் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற தொரை 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருடத்தில் கோப்பி இலையில் நோய் கண்டது. கால் வலிக்காதவர்கள் திரீவீலில் மஹியாவ மயானத்துக்குப் போய் டெய்லர் கல்லறையையும் பார்க்கலாம். தொழிலாளர் அவரைச் சாமி தொரை என்றார்கள். 1892ல் அவர் இறந்தபோது இருபத்துநாலு பேர் முறைமாற்றி உடலைத் தோட்டத்திலிருந்து கண்டி வரை தோளில் சுமந்தார்கள். அந்தத் தோள்கள் யாருடையவை என்று பிள்ளைகளுக்குத் தெரியும், இருந்தாலும் நான் வாய்விட்டுச் சொல்வேன்.

திரும்புவதற்குக் குட்செட் பஸ் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பஸ்ஸில் ஏறியதும் ஒரு வேலை கொடுங்கள்: வீட்டுக்குப் போனவுடன் தாத்தாவிடமோ அப்பாயியிடமோ தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று கேட்டு, கல்லறைப் பெயர் எழுதிய அதே தாளின் மறுபக்கத்தில் எழுத வேண்டும். பேராதெனியா தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், தூங்கட்டும். ஆனால் 1820களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் முதல் பெரிய கோப்பித் தோட்டம் போட்ட சின்னப்பிட்டிய கம்பளையில்தான் இருக்கிறது. கம்பளை வந்ததும் எழுப்பிவிடுங்கள்.