தொட்டும் பதில் தராத டச் சுவிட்ச்

டச் சுவிட்ச் செய்ய, அர்டுயினோ என்ற சிறிய கன்ட்ரோலர் போர்டின் 4ஆம் பின்னுக்கும் (இணைப்பு முனை) 2ஆம் பின்னுக்கும் நடுவே 1 மெகா ஓம் ரெசிஸ்டர். 2ஆம் பின்னில் 3 செ.மீ. அலுமினியத் தாள், அதன்மேல் 2 மி.மீ. அக்ரிலிக். 4ஆம் பின் 5 வோல்ட்டுக்கு ஏறியதும் தாள் மெல்ல சார்ஜ் ஆகும். விரல் கூட்டும் ஒவ்வொரு பிகோஃபாரடுக்கும் (சார்ஜைத் தேக்கும் திறனின் அலகு) சுமார் 0.7 மைக்ரோ விநாடி தாமதம், அதைத்தான் எண்ணுகிறோம். ஒரே அளவீட்டை நம்பக் கூடாது, 30 அளவீடுகளைக் கூட்டுங்கள்.

அர்டுயினோவை இணைத்த லேப்டாப் பேட்டரியில் ஓடியபோது, தொட்டாலும் இந்த எண் சரியாக ஏறவில்லை. எர்த் உள்ள மூன்று முள் சார்ஜரைச் செருகியதும் ஏறியது. பேட்டரியில் சர்க்யூட் எர்த்தோடு இணைப்பின்றி மிதக்கிறது, உடல் வழியே மின்னோட்டம் திரும்பும் பாதை பலவீனமாகிவிடுகிறது. உள்ளங்கை படும் இடத்தில் 10 செ.மீ. தாள் ஒட்டி அர்டுயினோவின் கிரவுண்டில் (0 வோல்ட் முனை) இணைத்தேன், சரியாயிற்று. டச் தாளுக்கு நேர் அடியில் மட்டும் கிரவுண்ட் தாள் வேண்டாம், விரலின் சிறிய மாற்றம் அதில் அமுங்கிவிடும்.