நூற்பாலைக்குப் பராமரிப்பு மென்பொருள்: விலை கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

மூன்று ஷிஃப்டும் ஓடும் மில்லில் பராமரிப்புக் கணக்கு பெரும்பாலும் மூன்று இடங்களில் கிடக்கும். ஃபிட்டரின் லாக் புக்கில் கொஞ்சம், மெயின்டனன்ஸ் மாஸ்டரின் எக்செலில் கொஞ்சம், ஸ்டோர்ஸ் பதிவேட்டில் மீதி. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மென்பொருள் வந்தால் ஒத்துப்போய்விடும் என்று நம்பித்தான் விற்பனையாளரைக் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து டேஷ்போர்டு காட்டுவார். அதற்குள் நிரப்ப நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி பணம் கட்டிய பிறகுதான் வரும். வரிசையை மாற்றிப்போடுங்கள்: முதலில் பட்டியல், பிறகு டெமோ, கடைசியில் விலை.

இயந்திரப் பட்டியல்

துறை, லைன், இயந்திரம், அதன் உட்பகுதி என்று படிப்படியாக இறங்கும் பட்டியல் இது. எவ்வளவு ஆழம் இறங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1,200 ஸ்பிண்டில் (நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்) உள்ள ரிங் ஃபிரேமில் (நூல் நூற்கும் இயந்திரத்தில்) ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் எண் கொடுக்கக் கிளம்பினால் பட்டியலே முடியாது. ஒரு பொருளுக்குத் தனி எண் வேண்டுமா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். கழன்று வேறு இயந்திரத்துக்குப் போகுமா? ரிப்பேராகித் திரும்பி வருமா? சட்டப்படி அதற்கென்று சோதனைச் சான்று வேண்டுமா? ஒன்றுக்காவது ஆம் என்றால் தனி எண். மோட்டார், இன்வெர்ட்டர் டிரைவ், ஏர் ரிசீவர், ஹாய்ஸ்ட் எல்லாம் இதில் வரும். ஸ்பிண்டில், ரப்பர் காட்ஸ், ஏப்ரன், டிராவலர் ஆகிய தேய்ந்து மாற்றும் சிறு பாகங்கள் ஸ்டோர்ஸ் கணக்கில் செலவாகப் போனால் போதும். எந்தப் பக்கம், எத்தனையாவது ஸ்பிண்டில் என்பதை வேலைச் சீட்டில் குறிப்பாக எழுதலாம்.

தனி எண் எதற்கு? 7-ஆம் ரிங் ஃபிரேமின் மெயின் மோட்டார் எரிகிறது. கழற்றி ரீவைண்டிங்குக்கு (உள்சுருளை மறுபடி சுற்ற) அனுப்பிவிட்டு ஸ்பேர் மோட்டாரை மாட்டுகிறீர்கள். ரீவைண்ட் ஆகி வந்த மோட்டார் 12-ஆம் ஃபிரேமுக்குப் போகிறது. எட்டு மாதத்தில் அங்கே மறுபடி எரிகிறது. மோட்டாருக்கு எண் இல்லையென்றால் பதிவில் இருப்பது 7-இல் ஒரு முறை, 12-இல் ஒரு முறை, அவ்வளவுதான். எரிந்தது இரண்டு தடவையும் ஒரே மோட்டார் என்பது யாருக்கும் தெரியாது. ரீவைண்டிங் கடையை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கும் யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே ‘இடம்’ வேறு, ‘பொருள்’ வேறு என்று பிரித்து வைக்கத் தெரியாத மென்பொருளை முதல் சுற்றிலேயே கழித்துவிடலாம். எஸ்.ஏ.பி. என்ற பெரிய நிறுவன மென்பொருளில் இதை ஃபங்ஷனல் லொக்கேஷன், எக்விப்மென்ட் என்பார்கள். மாக்ஸிமோ என்ற பராமரிப்பு மென்பொருளில் லொக்கேஷன், அசெட். பெயர் எதுவானாலும் சரி, ஒரு மோட்டாரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது அதன் பழைய வரலாறு கூடவே போக வேண்டும். இடத்தின் வரலாறும் இடத்திலேயே தங்க வேண்டும்.

எண்ணுக்குள் துறை, ஷெட், வாங்கிய ஆண்டு எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். ஃபிரேமை அடுத்த ஷெட்டுக்கு மாற்றிய அன்றே எண் பொய்யாகிவிடும். க்யூஆர் பலகையைக் கதவில் ஒட்டவே கூடாது. கதவுகள் கழன்று இடம் மாறும். ஒரு ஃபிரேமின் பிரேக்டவுன் அடுத்த ஃபிரேமின் கணக்கில் ஏறும். ஹெட்ஸ்டாக் (இயந்திரத்தின் டிரைவ் உள்ள தலைப்பகுதி) பாடியில் ரிவெட் அடித்த அலுமினியத் தகடுதான் நிற்கும். காகித ஸ்டிக்கர் எண்ணெயும் பஞ்சும் பட்டுச் சீக்கிரம் படிக்க முடியாமல் போகும்.

ஸ்பேர் பட்டியல்

இதுதான் அதிக நாள் பிடிக்கும் வேலை. ஒரே பேரிங் ஸ்டோர்ஸில் ‘6205 பேரிங்’, ‘பேரிங் 25×52×15’, ‘ஃபேன் மோட்டார் பேரிங்’ என்று மூன்று பெயரில் இருக்கும். ஒரு பெயரில் ஸ்டாக் இல்லை என்று வாங்குவார்கள், இன்னொரு பெயரில் பன்னிரண்டு கிடக்கும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இணைத்துவிடவும் கூடாது. 6205 2ஆர்.எஸ். இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளது. 6205 2இசட் இரும்பு ஷீல்டு உள்ளது. அளவு ஒன்றுதான், ஆனால் பஞ்சு பறக்கும் இடத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. கம்ப்யூட்டர் தெரிந்தவரை மட்டும் இந்த வேலையில் உட்காரவைக்காமல் ஸ்டோர் கீப்பரையும் சீனியர் ஃபிட்டர் ஒருவரையும் சேர்த்து உட்காரவையுங்கள்.

ஸ்டாக் எண்ணிக்கை ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே டேலியிலோ வேறு ஈ.ஆர்.பி.யிலோ (கணக்கு, கொள்முதல், ஸ்டோர்ஸ் எல்லாம் சேர்ந்த நிறுவன மென்பொருள்) ஸ்டோர்ஸ் ஓடுகிறதென்றால், பராமரிப்பு மென்பொருள் அங்கிருந்து இருப்பைப் படித்து, வேலைச் சீட்டுக்கு எடுத்த பொருளை அங்கேயே கழிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியே ஸ்டாக் வைத்து மாதக் கடைசியில் ‘டேலி’ பண்ணிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது மாதமே அது நின்றுபோகும்.

பி.எம். (தடுப்புப் பராமரிப்பு) அட்டவணையில் கேட்க வேண்டியவை

நாள் கணக்கா, ஓடிய மணிக் கணக்கா என்பது முதல் கேள்வி. ஸ்க்ரூ கம்ப்ரசரில் ஒரு சர்வீஸ் 4,000 மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் ஓடும் கம்ப்ரசர் ஐந்தரை மாதத்தில் அதைத் தொட்டுவிடும். பக்கத்தில் ஸ்டாண்ட்பையாக நிற்பதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், ஆனால் அதன் எண்ணெய் அதற்குள் பழசாகிவிடும். ‘4,000 மணி அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது’ என்று ஒரே விதியாக எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியும் என்று வாயால் சொன்னால் போதாது, உங்கள் கண்முன் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மணி ரீடிங் யார், எப்போது பதிவார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. ஷிஃப்டுக்கு ஒருமுறை கம்ப்ரசர் ஆபரேட்டர் பதிவது நடைமுறையில் ஓடும்.

இரண்டாவது, அடுத்த தேதி எதிலிருந்து எண்ணப்படுகிறது? 1-ஆம் தேதி செய்ய வேண்டியதை 20-ஆம் தேதி செய்தால் அடுத்தது 1-இலிருந்தா, 20-இலிருந்தா? இரண்டும் வேண்டும், வேலைக்கு ஏற்றபடி. பொங்கல் விடுமுறையில் செய்யும் ஓவர்ஹாலுக்கு நிலையான தேதி. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம், 1948 வகுத்த முறைப்படி லிஃப்ட், ஹாய்ஸ்ட் 6 மாதத்துக்கு ஒருமுறையாவதும், தூக்கும் சங்கிலி, கிரேன் 12 மாதத்துக்கு ஒருமுறையாவதும் தகுதி பெற்றவரால் சோதிக்கப்பட வேண்டும். இவற்றுக்கு நிலையான தேதி வைத்தால் சிக்கல் வரும். இந்த முறை 20 நாள் முன்னதாகச் சோதித்து, அடுத்ததைப் பழைய தேதியிலேயே செய்தால் இடைவெளி 6 மாதத்தைத் தாண்டிவிடும். ஆகவே சட்டச் சோதனைகள் உண்மையில் செய்த தேதியிலிருந்து எண்ணப்பட வேண்டும், வேலைச் சீட்டு 30 நாள் முன்பே வெளிவர வேண்டும், சான்றின் ஸ்கேன் பிரதி ஏற்றப்படாமல் சீட்டை மூட முடியக் கூடாது.

மூன்றாவது, மாதாந்திர, காலாண்டு, அரையாண்டு வேலைகள் ஒரே ஃபிரேமுக்கு ஒரே நாளில் விழும்போது பெரியது மட்டும் வந்து சிறியவை அதற்குள் அடங்க வேண்டும். இல்லையென்றால் ஒரே கிரீஸிங்குக்கு மூன்று சீட்டு அச்சாகும். ஃபிட்டர் மூன்றிலும் டிக் அடிப்பார். டிக் அடிக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போகாது.

தொடக்கத் தேதியையும் பரவலாக்குங்கள். 120 இயந்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு அட்டவணை, எல்லாவற்றுக்கும் ‘ஏப்ரல் 1’ என்று ஏற்றினால் முதல் நாளே 480 சீட்டு வரும். அன்றைக்கே மென்பொருள் மீது எல்லோருக்கும் வெறுப்பு வந்துவிடும்.

கோளாறுக் குறியீடு பற்றிச் சுருக்கமாக: என்ன கோளாறு, ஏன், என்ன செய்தோம் என்று மூன்று அடுக்கு போதும். ஒரு வகை இயந்திரத்துக்கு ஓர் அடுக்கில் 10 முதல் 15 வரை. அறுபது குறியீடு கொடுத்தால் அத்தனை பேரும் ‘இதர’ என்பதையே அழுத்துவார்கள்.

எந்த வகை மென்பொருள்

மில் குழுமத்தில் ஏற்கெனவே எஸ்.ஏ.பி. இருந்தால் அதன் பராமரிப்புப் பிரிவையே முதலில் பாருங்கள். ஸ்டோர்ஸும் கணக்கும் அதிலேயே இருப்பதால் இணைப்புத் தொல்லை இல்லை. ஆனால் ஃபிட்டருக்கு அதன் திரைகள் ஒத்துவராது, எளிய மொபைல் முகப்பு தனியாக வேண்டியிருக்கும். எஸ்.ஏ.பி.யின் பழைய ஈ.சி.சி. பதிப்புக்கு நிறுவனத்தின் வழக்கமான ஆதரவு 2027 முடிவோடு நின்றுவிடும் என்பதால் அதில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஐ.பி.எம். மாக்ஸிமோ, 2021-இல் இன்ஃபோரிடமிருந்து ஹெக்ஸகான் கைக்குப் போன ஈ.ஏ.எம். (சொத்துப் பராமரிப்பு மென்பொருள்), ஐ.எஃப்.எஸ். போன்றவை மின் நிலையம், ரயில்வே, சுத்திகரிப்பு ஆலை அளவுக்குச் செய்யப்பட்டவை. ஒற்றை மில்லுக்கு இவை தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. மாதச் சந்தாவில் கிடைக்கும் சிறிய பராமரிப்பு மென்பொருள்களோ, கட்டற்ற மென்பொருள்களான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், ஓடூ கம்யூனிட்டி பதிப்பு போன்றவையோ பெரும்பாலான மில்களுக்குப் போதும். பின்னவற்றில் ஸ்டோர்ஸும் கொள்முதலும் கூடவே வருவது வசதி. ஆனால் மேலே சொன்ன ‘மணி அல்லது மாதம்’ விதி போன்றவற்றை ஆள் வைத்து எழுத வேண்டியிருக்கலாம். அந்த ஆள் போய்விட்டால் யார் பார்ப்பது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கணக்குப் பிரிவையும் ஒருமுறை உட்காரவையுங்கள். அவர்களுடைய சொத்துப் பதிவேட்டில் ‘ரிங் ஃபிரேம், 6 எண்’ என்று ஒரே வரி இருக்கும். உங்களிடம் ஆறு தனி எண்கள். கம்பெனியின் தணிக்கையாளர் காரோ 2020 (கம்பெனித் தணிக்கை அறிக்கைக்கான அரசாணை) படி இயந்திரங்களின் எண்ணிக்கையும் இருக்கும் இடமும் பதிவேட்டில் உள்ளதா என்று பார்ப்பார். இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக ஓர் எண் பத்தி வைத்தால் போதும், தேய்மானத்தைப் பராமரிப்பு மென்பொருளில் போட வேண்டாம்.

டெமோ

விற்பனையாளரின் மாதிரித் தரவில் டெமோ பார்க்காதீர்கள். ஒரு வாரம் முன்பே ஐந்து இயந்திரம், இருபது ஸ்பேர், போன மாதத்தின் பத்து பிரேக்டவுன்களை அனுப்பி, அவற்றை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பிறகு போனை இரவு ஷிஃப்ட் ஃபிட்டர் ஒருவர் கையில் கொடுத்து, எண்ணெய்க் கையோடு ஒரு சீட்டை மூடச் சொல்லுங்கள். க்யூஆர் ஸ்கேனிலிருந்து மூடும்வரை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது. மூன்று நிமிடம் ஆனால் ஷிஃப்ட் முடிவில் யாராவது ஒருவர் எல்லோருக்குமாக உட்கார்ந்து கற்பனையில் நேரம் போடுவார்.

அடுத்து ஏரோப்ளேன் மோடு. ஹியூமிடிஃபிகேஷன் (காற்றில் ஈரப்பதம் சேர்க்கும்) அறையில் சிக்னல் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, இணைப்பில்லாமல் இரண்டு சீட்டை மூடுங்கள். அதே நேரம் அலுவலகத்திலிருந்து இன்னொருவர் அதில் ஒன்றைத் திருத்தட்டும். இணைப்பு வந்ததும் யாருடைய பதிவு நிற்கிறது, மற்றது எங்கே போகிறது என்று பாருங்கள்.

தமிழையும் சோதியுங்கள். திரையில் தமிழ் சரியாகத் தெரிவதை நம்பி விட்டுவிடக் கூடாது, பி.டி.எஃப். அச்சில்தான் உடையும். ‘பெல்ட்’ என்பது ‘ெபல்ட்’ என்று வந்தால் அந்த அச்சுப் பகுதி தமிழுக்குத் தயாராக இல்லை. பட்டியலை இறக்கி எக்செலில் திறந்தும் பாருங்கள். ‘பேரிங்’ என்று ஒருவரும் ‘பியரிங்’ என்று இன்னொருவரும் எழுதுவார்கள் என்பதால், ஸ்பேர் பெயரைத் தட்டச்சு செய்வதைவிடப் பட்டியலில் தேர்ந்தெடுக்கும் வசதி மேல்.

நள்ளிரவையும் விடாதீர்கள். மில்லின் ‘நாள்’ காலை ஷிஃப்டில் தொடங்கும். மென்பொருளின் நாள் 12 மணிக்கு மாறும். இரவு 11.40-க்கு நின்று 1.10-க்கு ஓடிய ஃபிரேம், அறிக்கையில் இரண்டு நாள் இரண்டு பிரேக்டவுனாக வருகிறதா, ஒன்றாகவா? பதிந்த நேரமும் இயந்திரம் உண்மையில் நின்ற நேரமும் தனித்தனிக் கட்டங்களாக இருக்கின்றனவா?

விலையும் ஒப்பந்தமும்

மூன்று ஷிஃப்டுக்கு 24 பேர், ஒரு நேரத்தில் 8 பேர் என்றால், பெயர்வாரி உரிமத்தில் 24-க்கும், ஒரே நேரத்தில் பயன்படுத்துவோர் எண்ணிக்கையில் 8-க்கும் கட்ட வேண்டும். கோளாறு சொல்ல மட்டும் பயன்படுத்தும் சூப்பர்வைசர்களுக்கு உரிமம் வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஐந்து ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள்: உரிமம் அல்லது சந்தா, நிறுவும் கட்டணம், பட்டியல் ஏற்ற ஆகும் ஆள் கூலி, போன்கள், ஸ்டோர்ஸ் இணைப்பு, ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), புதிதாகச் சேரும் ஃபிட்டர்களுக்குப் பயிற்சி, 18 சதவீத ஜி.எஸ்.டி. முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும்போது ஆண்டுக்கு எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள். விலகினால் வேலைச் சீட்டு வரலாறு, ஏற்றிய படங்கள், சான்றுகள் உட்பட எல்லாம் திறந்த வடிவில் திரும்பக் கிடைக்க வேண்டும்.

முழு மில்லுக்கும் ஒரேயடியாக வாங்காமல் ஒரு துறையில் எட்டு வாரம் ஓட்டுங்கள், மாதாந்திர பி.எம். இரண்டு சுற்று வந்து போகும். ஆட்டோகோனர் (நூலைக் கோனில் சுற்றும்) துறை நல்ல தேர்வு, சிறு கோளாறுகள் அடிக்கடி வருவதால் பழக்கம் சீக்கிரம் படியும். முதல் நான்கு வாரம் லாக் புக்கும் கூடவே ஓடட்டும். வாரா வாரம் இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள்: புத்தகத்தில் உள்ளது மென்பொருளில் இல்லையென்றால் எந்த ஷிஃப்டில், எந்த வகை வேலை விடுபடுகிறது என்று பாருங்கள். ஐந்தாவது வாரம் லாக் புக்கை எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் இரட்டைப் பதிவு செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள். எட்டாவது வாரம் முழுத் தரவையும் ஒருமுறை வெளியே இறக்கி, அதில் ஒரு மோட்டாரின் வரலாற்றை எக்செலிலேயே வடிகட்டிப் பாருங்கள். அது கைக்கு வந்த பிறகு மீதித் துறைகளுக்கு ஆர்டர் போடலாம்.