ஜன்னலுக்கு ஒரு சாவி மணி: பழைய அலாரம் கடிகாரத்தில் திருட்டு எச்சரிக்கைக் கருவி செய்யும் முறை

ஜன்னல் கதவு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே மணி அடிக்க வேண்டும். அதற்கு மின்சாரமோ பேட்டரியோ தேவைப்படக் கூடாது. இந்த வேலைக்கு வேண்டிய பொறி முழுவதும் சாவி கொடுக்கும் இரட்டை மணி அலாரம் கடிகாரத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது: தனி ஸ்பிரிங், பல்சக்கரங்கள், சுத்தி, மணிகள். நாம் சேர்ப்பது ஒரு கம்பியை மட்டும்தான். ஜன்னல் மூடியிருக்கும்போது அந்தக் கம்பி சுத்தியை மறித்து நிற்கும். திறந்தால் விலகிக்கொள்ளும்.

செய்வதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவியில் பழுது இரண்டு வகை. தேவையில்லாமல் அடிப்பது ஒன்று. அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் போவது இன்னொன்று. முதல் வகை தூக்கத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான். இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாமலே இருக்கும். கீழே சொல்லியிருக்கும் அளவுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது வகையைத் தவிர்ப்பதற்காகத்தான்.

கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பது

பின்புறம் இரண்டு சாவிகள் இருக்க வேண்டும்: நேரத்துக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று. ஒரே ஸ்பிரிங்கில் இரண்டும் ஓடும் கடிகாரம் வேண்டாம். சுத்தி வெளியே, இரண்டு மணிகளுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். அலாரத்தை நிறுத்தும் பொத்தான் அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும் வகையாக இருக்கட்டும். கையை எடுத்ததும் திரும்பிவிடும் வகை இதற்குப் பயன்படாது. நேரம் காட்டும் பகுதி ஓடாமல் கிடந்தாலும் பரவாயில்லை. சொல்லப்போனால் அது ஓடவே கூடாது.

காரணம் இதுதான். கடிகாரம் குறித்த நேரத்தை அடையும்போது உள்ளே ஒரு தகடு விலகி, அலாரப் பொறியை விடுவிக்கிறது. நமக்கு அந்தத் தகடு எப்போதும் விலகியே இருக்க வேண்டும். அதற்காகக் கடிகாரத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. நேரத்துக்கான ஸ்பிரிங்கை முழுதும் ஓடித் தீரவிடுங்கள். அலாரத்துக்குக் கொஞ்சம் சாவி கொடுத்து, முட்களை முன்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். மணி அடிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பின்பக்கமாகத் திருப்பாதீர்கள், சில கடிகாரங்களில் அலாரத் தகடு வளைந்துவிடும். இனி நேரச் சாவியைத் தொடவே கூடாது. முட்கள் அங்கேயே நிற்கும்வரை அலாரப் பொறி திறந்தே இருக்கும். அதைத் தடுத்து நிறுத்த நிறுத்தும் பொத்தானும் நம் கம்பியும் மட்டுமே மிஞ்சும்.

தேவையானவை

12 மி.மீ. பிளைவுட் பலகை, சுமார் 150 × 200 மி.மீ.; கடிகாரத்தின் சுத்தி இருக்கும் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு மரத்துண்டு, 20 × 40 மி.மீ.; 3 மி.மீ. பித்தளை அல்லது எஃகுக் கம்பி, 120 மி.மீ. நீளம், சிறிய உலோக எல் ஆங்கிள் இரண்டு, பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங் ஒன்று, மின் இணைப்புக்குப் பயன்படும் ஸ்க்ரூ கனெக்டரின் உள்ளே இருக்கும் பித்தளைத் துண்டு ஒன்று (கம்பியில் கோத்து இறுக்கும் வளையமாக இது அருமையாகப் பொருந்தும்), சறுக்கு ஜன்னலாக இருந்தால் 2 மி.மீ. தடிமனுள்ள அலுமினிய ஆங்கிள் ஒரு துண்டு, 4 மி.மீ. போல்ட், இரண்டு நட். இவற்றோடு மர ஸ்க்ரூக்கள், 3.2 மி.மீ. டிரில் பிட், ஓர் அரம்.

கம்பியும் ஸ்பிரிங்கும்

எல் ஆங்கிள் இரண்டிலும் 3.2 மி.மீ. துளை போடுங்கள். துளைகளின் பிசிறை நீக்கிவிட்டு, மரத்துண்டின் பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று நேராக, 30 மி.மீ. இடைவெளியில் திருகுங்கள். கம்பி இரண்டு துளைகளிலும் தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். அப்படி இறங்காவிட்டால் ஆங்கிள்கள் நேராக இல்லை என்று அர்த்தம். மரத்திலேயே நீளமாக ஒரு துளை போட்டுக் கம்பியை விட்டால் வேலை சுலபமாகத் தெரியும். ஆனால் ஈரக்காற்றில் மரம் ஊதும், துளை கம்பியைக் கவ்வும், ஜன்னல் திறந்தாலும் கம்பி அசையாது. சத்தமில்லாத பழுதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆங்கிள்களுக்கு இடையே, கடிகாரத்தின் பக்கம் ஸ்பிரிங், ஜன்னலின் பக்கம் பித்தளை வளையம் என்ற வரிசையில் கம்பியில் கோத்துவிடுங்கள். ஸ்பிரிங் வளையத்தைத் தள்ளும், வளையம் கம்பியை ஜன்னல் பக்கம் தள்ளும். வளையத்தின் நீளம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆக, கம்பி 12 மி.மீ. உள்ளே போனாலும் ஸ்பிரிங்குக்கு 8 மி.மீ. இடம் மிஞ்சும். பேனா ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. உங்களுடையது அதற்கு முன்பே இறுகிவிட்டால் ஆங்கிள்களை இன்னும் 5 மி.மீ. தள்ளி வையுங்கள்.

கம்பியின் கடிகாரப் பக்க முனையைச் சதுரமாக அரம் போட்டுத் தட்டையாக்குங்கள். முனையைக் கூராக்கவோ உருட்டவோ வேண்டாம். சாய்வான முனையில் சுத்தி சாய்ந்து அழுத்தும்போது கம்பி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவும். தெருவில் லாரி போனாலே மணி அடிக்கும்.

கடிகாரத்தைப் பொருத்துவது

கால்களைக் கழற்றிவிட்டு, அதே துளைகள் வழியாகக் கடிகாரத்தைப் பலகையில் இறுக்குங்கள். அடியில் ரப்பரோ துணியோ வைக்காதீர்கள். பலகையும் சேர்ந்து அதிர்ந்தால் சத்தம் கூடும். மணிகளின் மேல் கைப்பிடி இருந்து கம்பியை இடித்தால் அதையும் கழற்றலாம். ஆனால் மணிகளின் நட்டுகள் பிறகும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தளர்ந்த மணி ஓட்டைப் பாத்திரம் போலத்தான் ஒலிக்கும்.

பல கடிகாரங்களில் மணி அடிக்கும்போது அலாரச் சாவியும் கூடவே சுற்றும். அந்தச் சாவி சுவரிலோ பலகையிலோ உரசினால் மணி இரண்டு அடியோடு நின்றுவிடும். பின்புறம் குறைந்தது 25 மி.மீ. காலியிடம் விடுங்கள்.

அடுத்து, சுத்தியை எங்கே மறிப்பது என்ற கேள்வி. கருவி முழுதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. அலார ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்போது சுத்தியை விரலால் ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிவரை நகர்த்திப் பாருங்கள். அந்த வீச்சின் நடுவில் ஒரு குறி போடுங்கள். சுத்தியின் தண்டு நடுவுக்கு வரும்போது கம்பியின் பக்கவாட்டில் முட்டி நிற்கும்படி மரத்துண்டைப் பலகையில் திருக வேண்டும். கம்பி முன்னும் பின்னும் போகும், சுத்தி இடமும் வலமும் ஆடும். இரண்டும் செங்குத்தாக இருக்கட்டும். சுத்தியை ஒரு பக்கம் மறித்தாலே போதும். அது மறுபக்கம் போக முடியாதபோது, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் பல் நங்கூரத்தில் (சுத்தியோடு சேர்ந்து ஆடும் கொக்கி போன்ற பாகம்) மாட்டியபடி நிற்கும், பொறி முழுவதும் நின்றுவிடும். வீச்சின் ஓரத்தில் மறித்தால் பற்கள் ஒவ்வொன்றாகத் தப்பி, சுத்தி துடித்துக்கொண்டே இருக்கும்.

உயரமும் முக்கியம். சுத்தியின் தலைக்குக் கீழே 5 மி.மீ. அளவில் மறித்தால் கம்பியின் மேல் விழும் அழுத்தம் மிகக் குறைவு, கம்பி சுலபமாக விலகும். தண்டின் அடிப்பக்கம் போகப் போக அழுத்தம் கூடும்; பேனா ஸ்பிரிங்கால் அந்த உராய்வை மீற முடியாமல் போகலாம். ஆனால் உங்கள் கடிகாரத்தின் தண்டு மெல்லியதாக இருந்து, மேலே மறிக்கும்போது வளைந்து கொடுத்தால், கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஜன்னலுக்கு ஏற்ற அமைப்பு

வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு இது மிக எளிது. பலகையை உள்ளே ஜன்னல் திட்டில் திருகிவிட்டு, கம்பியின் முனை கதவின் உள்முகத்தைத் தொடும்படி வையுங்கள். கம்பிகள் போட்ட ஜன்னலாக இருந்தால் இடைவெளி வழியாக நீட்டலாம், வேண்டிய அளவுக்கு நீளமான கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி தொடும் இடத்தில் கதவில் ஒரு மர ஸ்க்ரூவைத் திருகி, அதன் தலையில் முட்டும்படி செய்தால் ஸ்க்ரூவைத் திருகியே அளவைச் சரிசெய்யலாம். கீலுக்கு அருகில் வைக்காதீர்கள். 600 மி.மீ. அகலக் கதவில், கீலிலிருந்து 100 மி.மீ. தள்ளி வைத்தால், கம்பி 5 மி.மீ. நகர்வதற்குள் கைப்பிடிப் பக்கம் 30 மி.மீ. திறந்திருக்கும்.

சறுக்கு ஜன்னலில், நகரும் கதவின் மேல் அலுமினிய ஆங்கிளைப் பொருத்தி, அதில் 4 மி.மீ. போல்ட்டை இரண்டு நட்டோடு மாட்டுங்கள். கதவு மூடும்போது போல்ட்டின் முனை கம்பியை உள்ளே தள்ள வேண்டும். போல்ட்டை ஒரு சுற்று திருகினால் அளவு 0.7 மி.மீ. மாறும், இதைவிட நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டியிருக்காது. மற்றொரு கதவும் நகருமானால், அதன் தடத்தில் அளவாக வெட்டிய மரச்சட்டம் ஒன்றைப் போட்டு அசையாமல் செய்துவிடுங்கள்.

உள்பக்கம் திறக்கும் கதவுக்கும், மேலே தூக்கும் கதவுக்கும் கம்பியைத் தள்ளுவதற்குப் பதில் இழுக்க வேண்டும். ஸ்பிரிங்கையும் வளையத்தையும் இடம் மாற்றிக் கோத்தால் ஸ்பிரிங் கம்பியைச் சுத்தியின் பக்கம் தள்ளும். கம்பியின் மறுமுனையில் 0.5 மி.மீ. எஃகு ஒயரைக் கட்டி, சட்டத்தில் திருகிய ஒரு கண் ஸ்க்ரூ (தலை வளையமாக உள்ள ஸ்க்ரூ) வழியாகத் திசை திருப்பி, கதவில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள். தளர்வு 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நைலான் நூல் நாள்பட நீளும், பருத்தி நூல் ஈரத்தில் சுருங்கும், இரண்டுமே வேண்டாம். இந்த அமைப்பில் ஒயர் அறுந்தால் மணி அடிக்காது. அதனால் முதல் அமைப்பைப் பொருத்த முடிகிற இடத்தில் அதையே பொருத்துங்கள்.

அளவு வைப்பது

தாழ்ப்பாள் போட்ட கதவைப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். எத்தனை மி.மீ. ஆடுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தோடு 3 மி.மீ. சேர்த்தால் வருவதுதான், கம்பி முனை சுத்தித் தண்டைத் தாண்டி நிற்க வேண்டிய அளவு. 2 மி.மீ. ஆடும் கதவுக்கு 5 மி.மீ. இதைவிடக் குறைத்தால் காற்றடித்த இரவெல்லாம் மணிதான். மிக அதிகமாக வைத்தால் கை நுழையும் அளவு திறந்த பிறகே அடிக்கும்.

சோதிக்கும்போது அலாரத்துக்கு முழுச் சாவி கொடுங்கள், ஏனென்றால் கம்பியின் மேல் உராய்வு அதிகமாக இருப்பது அப்போதுதான். கதவைப் படாரென்று திறந்தால் எந்தக் கருவியும் அடித்துவிடும். முடிந்த அளவு மெதுவாக, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திறந்து பாருங்கள். கம்பி திக்கித் திக்கி வந்தால் ஆங்கிள்களை நேராக்குங்கள், துளைகளில் மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கிரீஸ் தடவினால் தூசி சேர்ந்து பசையாகும். அடுத்து, நீங்கள் தூங்கும் அறைக்குப் போய்க் கதவை மூடி, ஃபேனைப் போட்டுக்கொண்டு படுங்கள். வேறொருவரை ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் கருவியை அந்த அறையின் ஜன்னலுக்கு மாற்றுவதுதான் வழி.

தினமும் பயன்படுத்துவது

பகலில் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டால் ஜன்னலை விருப்பம்போல் திறந்து மூடலாம். இரவில் ஜன்னலை மூடித் தாழிட்டு, கம்பி முனை சுத்தியைத் தாண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை விடுவியுங்கள். வரிசை மாறினால் அப்போதே அடித்துவிடும். பொத்தானை விடுவிக்க மறந்துபோவது இன்னும் மோசம், ஏனென்றால் கருவி தயாராக இருப்பது போலவே தெரியும். பொத்தான் அழுந்தியிருக்கும்போது மட்டும் கண்ணில் படும் பாகத்தில் சிவப்புப் பெயிண்ட் தடவுங்கள்.

சாவியை அடிமட்டம்வரை முறுக்காமல் அரைச் சுற்று மிச்சம் வையுங்கள். மாதம் ஒருமுறை மணியை முழுதும் ஓடவிட்டு, எத்தனை விநாடி அடிக்கிறது என்று பாருங்கள். நேரம் குறைந்துகொண்டே வந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. மரச் சட்டமுள்ள ஜன்னலில் மழைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் கம்பியின் அளவை மறுபடி பார்க்க வேண்டும். கதவு ஊதினாலும் சுருங்கினாலும் 1, 2 மி.மீ. மாறிவிடும்.

கண்ணாடியை மட்டும் உடைத்துக் கையை விட்டால் இந்தக் கருவிக்குத் தெரியாது. பெரிய கண்ணாடியாக இருந்தால் கருவியைக் கை எட்டாத மேல் மூலையில் பொருத்துவது நல்லது. இது மணிதான், பூட்டு இல்லை. தாழ்ப்பாள் உறுதியாக இருக்க வேண்டும். தீ விபத்தில் அந்த ஜன்னல் வழியாக வெளியேற வேண்டி வரலாம் என்பதால், பலகையோ ஒயரோ கதவு முழுதாகத் திறப்பதைத் தடுக்காத இடத்தில் வையுங்கள். ஒயர் அமைப்பில் கொக்கி, இருட்டிலும் ஒரே கையால் கழற்ற முடிகிற திறந்த கொக்கியாக இருக்கட்டும்.