வருமான வரி விபரத்திரட்டு: நீங்களே நிரப்புவதா, கணக்காளரிடம் கொடுப்பதா?

விபரத்திரட்டு அனுப்பக் கடைசி நாளான நவம்பர் 30 வந்தால் ஹட்டன், நுவரெலியா பக்கம் பலருக்கும் இதே கேள்விதான். ஒரே சம்பளம், வங்கியில் ஒரு நிலையான வைப்பு, அவ்வளவுதான் என்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நீங்களே நிரப்பிவிடலாம். அதற்காக ஒருவருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

போன வருடம் ஆசிரியையாக இருக்கும் என் தங்கச்சியோடு உட்கார்ந்து நிரப்பினேன். மேசையில் இரண்டே தாள்கள்: வேலையிடம் தந்த டீ10 சான்றிதழ் (வருடச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் தாள்), வங்கியின் வட்டிச் சான்றிதழ். அவள் கைக்கு வரும் சம்பளத்தைப் போடப் பார்த்தாள். அது பிழை. கழிவுகளுக்கு முந்திய மொத்தத் தொகையைத்தான் போட வேண்டும். வங்கி வட்டியில் ஏற்கெனவே பிடித்த வரியையும் மறக்காமல் காட்டுங்கள், இல்லாவிட்டால் அதே வட்டிக்கு இரண்டு தரம் வரி கட்டுவீர்கள். கணக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, ஜனவரியிலிருந்து அல்ல.

மரக்கறித் தோட்டம், கடை, வாடகை வீடு, காணி விற்பனை என்று கலந்து வந்தால் கணக்காளரிடமே போங்கள். உரம், கூலி, லொறி வாடகைக்கான பற்றுச்சீட்டுகளை மாதவாரியாகக் கட்டிக் கொண்டுபோனால் அவருக்கும் வேலை சுருங்கும். அப்புறம் ஒன்று: யார் நிரப்பினாலும் கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும், அனுப்பிய பிரதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.