அணைத்துப் போட்டால் பாடும் ஆம்ப்ளிஃபையர்: பழுது சுவிட்சிலா, ஹீட் சிங்க்கிலா?

வீட்டில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர் கால் மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டுக் கரகரத்து நின்றுவிடுகிறது. பவர் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி பாடுகிறது. சுவிட்சில் கை வைத்ததும் சரியாகிவிடுவதால் பழி சுவிட்சின் மேல் விழுகிறது. புதிய சுவிட்ச் மாட்டிய பிறகும் அதே கால் மணி நேரத்தில் செட் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில் நடந்தது, சத்தத்தைப் பெருக்கும் சில்லான ஐசி ஆறியது மட்டும்தான். ஆயினும் சில செட்டுகளில் சுவிட்சே குற்றவாளியாக இருப்பதும் உண்டு என்பதால், எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டில் எது என்று பிரித்தறிய வேண்டும். இங்கே 12-0-12 வோல்ட் 3 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், இரண்டு 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர், இரண்டு டிடிஏ 2030 ஐசி கொண்ட ஸ்டீரியோ செட்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

பிரித்தறிய ஒரே ஓர் அளவு போதும். செட் அணைந்திருக்கும்போதே மல்டிமீட்டரின் கறுப்பு ஒயரை ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரான சென்டர் டேப்பிலும் சிவப்பு ஒயரைப் பிளஸ் சப்ளையிலும் கிளிப்பால் மாட்டிவிட்டு, செட்டைப் போட்டுப் பாடவிட வேண்டும். சத்தம் நிற்கும் அந்தக் கணத்தில் மீட்டரைப் பார்க்க வேண்டும். மைனஸ் சப்ளைக்கும் இதே சோதனையை ஒருமுறை செய்ய வேண்டும். இரு பக்கமும் ஏறக்குறைய 16 வோல்ட் அப்படியே நின்றால் சுவிட்சுக்கும் பழுதுக்கும் சம்பந்தமில்லை, ஐசி சூட்டினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. இரு பக்கமும் சேர்ந்து இறங்கினால் சுவிட்ச், ஃபியூஸ் ஹோல்டர், ட்ரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கமான பிரைமரியின் ஒயர் ஆகியவற்றை ஆராய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் பிரிட்ஜைச் சுற்றியுள்ள சால்டரிங்கைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் டிசி மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போய்க் காயிலைச் சுட்டுவிடும் என்பதால் செட்டை உடனே அணைத்துவிடுவது நல்லது.

சுவிட்ச் பக்கம் என்று தெரிந்தால், முதலில் பிளக்கை உருவிவிட்டு ஓம் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல சுவிட்ச் அரை ஓமுக்கும் குறைவாகக் காட்டும். விரலால் மெல்ல அசைக்கும்போது எண் தாவினால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது என்று பொருள். பின்புறக் காலின் அருகே பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் மீட்டரே தேவையில்லை. காண்டாக்ட் கருகுவதற்குப் பெரும்பாலும் சுவிட்ச் இருக்கும் இடமே காரணம். 230 வோல்ட்டைத் தொடப் பயந்து சுவிட்சை பிரிட்ஜுக்குப் பின்னால் டிசி பக்கம் வைப்பவர்கள் பலர். ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் காண்டாக்ட்டுகளுக்கு இடையே எழும் பொறி தானாக அணைகிறது. டிசியில் அந்த வாய்ப்பு இல்லை. அதனால் 6 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட சுவிட்சை டிசியில் அதே மதிப்புக்கு நம்பக் கூடாது. அதைவிட மோசம், பிளஸ் ஒயரில் மட்டும் சுவிட்ச் வைப்பது: அணைத்த பிறகும் மைனஸ் சப்ளை உயிரோடு இருப்பதால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும்.

சுவிட்ச் பிரைமரியில்தான் இருக்க வேண்டும். ஃபேஸ் ஒயர் முதலில் ஃபியூஸுக்கும் பிறகு சுவிட்சுக்கும் வர வேண்டும். இந்த 3 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ புளோ ஃபியூஸ் போதும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் சுவிட்சையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினாலோ சுவர் பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலோ, ஒற்றைப் போல் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும். செட் அணைந்திருந்தாலும் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். உள்ளே விளக்குள்ள மூன்று கால் சுவிட்சில் மூன்றாவது கால் விளக்குக்கான நியூட்ரல் மட்டுமே. அதை ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் கால் என்று நினைத்து இணைத்தால் செட் பாடாது, நியூட்ரலைத் தவறான காலில் கொடுத்தால் போட்டவுடன் ஃபியூஸ் போகும்.

அணைக்கும்போது ஸ்பீக்கரில் 'டிக்' என்று கேட்பது காண்டாக்ட் பொறியால். அதற்கு 275 வோல்ட் ஏசி எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைச் சுவிட்சுக்குப் பின்னால், பிரைமரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைக்கலாம். சுவிட்சின் குறுக்கே வைத்தால், அணைத்த பிறகும் அதன் வழியே 7 மில்லி ஆம்பியர் வரை ஓடக்கூடும். உள்ளே கை வைப்பவருக்கு அது ஷாக்தான். அணைத்த பிறகு எல்இடி மெல்ல மங்குவதும் பாட்டு இரண்டொரு நொடி இழுப்பதும் பழுதல்ல, கண்டென்சரில் மிச்சமிருக்கும் மின்சாரம்.

சப்ளை அப்படியே இருக்கிறது, சத்தம் மட்டும் போகிறது என்றால் விஷயம் சூடு. ஐசியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினியத் துண்டுதான் ஹீட் சிங்க்; உடனே பெரியதாக ஒன்று வாங்க ஓட வேண்டாம். பாட்டு எதுவும் கொடுக்காத நிலையில் ஐசி ஒன்றுக்கு 40 முதல் 60 மில்லி ஆம்பியர்தான் ஓட வேண்டும். பிளஸ் சப்ளை ஒயரில் 10 ஓம் 2 வாட் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து அதன் குறுக்கே அளந்தால், இரண்டு ஐசிக்கும் சேர்த்து 0.8 முதல் 1.2 வோல்ட் வரும். 3, 4 வோல்ட் வந்தால் ஐசி காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆசிலேட் ஆகிறது, அதாவது தானாகவே அதிர்கிறது. எவ்வளவு அலுமினியம் வைத்தாலும் அது கொதிக்கும். அவுட்புட்டில் இருக்க வேண்டிய 1 ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் விடுபட்டிருக்கின்றனவா, சப்ளைக் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் இருக்கிறதா, 22 கிலோ ஓம், 680 ஓம் ஜோடியை யாரேனும் மாற்றி கெயினை, அதாவது பெருக்கும் அளவை, குறைத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் அளவுக் கணக்குக்கு வரலாம். ஐசியில் வீணாகும் உச்ச வாட் என்பது மொத்த சப்ளையின் வர்க்கத்தை, 19.7 மடங்கு ஸ்பீக்கர் ஓமால் வகுத்தது. நம் செட்டில் மொத்த சப்ளை 32 வோல்ட்; 8 ஓம் ஸ்பீக்கருக்கு 6.5 வாட், 4 ஓமுக்கு 13 வாட். பாக்ஸுக்குள் 45 டிகிரி, ஐசியின் உட்புறம் 130 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தால் 85 டிகிரி கையில் இருக்கிறது. அதை வாட்டால் வகுத்து, வாட்டுக்கு ஏறும் டிகிரியாக ஐசிக்கு 3, ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே வைக்கும் மைக்காத் தகட்டுக்கும் சூடு கடத்தும் பேஸ்ட்டுக்கும் 1 கழித்தால், 8 ஓமுக்கு வாட்டுக்கு 9 டிகிரி கொண்ட சிறிய ஹீட் சிங்க்கும், 4 ஓமுக்கு வாட்டுக்கு 2.5 டிகிரி கொண்ட பெரிய துண்டும் வேண்டும் என்று வருகிறது. இரண்டு ஐசியும் ஒரே துண்டில் இருந்தால் இந்த எண்களையும் பாதியாக்க வேண்டும். "போன மாதம் வரை நன்றாக இருந்தது" என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, கூடுதலாக ஒரு ஜோடி ஸ்பீக்கரை இணையாக மாட்டி ஓமைப் பாதியாக்கினீர்களா என்பதுதான். இன்னொன்று: இந்த உச்சச் சூடு முழு வால்யூமில் வருவதில்லை, முழு வாட்டில் சுமார் நாற்பது சதவீதம் வரும் இடத்தில்தான் வருகிறது, ஆகவே 'நான் பாதிதான் வைக்கிறேன்' என்பது சமாதானமாகாது.

பொருத்துவதில் கவனம் வேண்டும். டிடிஏ 2030 ஐசியின் உலோக முதுகு மூன்றாவது காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு, உள்ளே இணைந்தது. பாக்ஸோடு தொடும் ஹீட் சிங்க்கில் மைக்காவும் திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் முடுக்கினால் மைனஸ் 16 வோல்ட் நேரே எர்த்தில் ஷார்ட்டாகும். நான் ஒருமுறை மைக்கா, புஷ், பேஸ்ட் எல்லாம் வைத்தும் ஷார்ட் போகவில்லை. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது மைக்காவில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி தெரிந்தது. துளை போட்டபோது விளிம்பில் எழுந்த அலுமினியப் பிசிர் திருகு இறுக இறுக மைக்காவைத் துளைத்திருந்தது. துளையைப் பெரிய டிரில் பிட்டால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பிசிரை எடுத்துவிட வேண்டும். பேஸ்ட், மைக்காவின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக இருந்தால் போதும். முடுக்கிய பிறகு, ஐசி முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மீட்டர் பீப் அடிக்கக் கூடாது. ஹீட் சிங்க்கின் தகடுகள் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால்தான் காற்று ஏறும்.

எல்லாம் முடிந்ததும் முதல் முறை நேரே பிளக்கில் செருகாமல், 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்த சீரிஸ் போர்டு வழியாகப் போட வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது; முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் மைக்காவையும் பிரிட்ஜையும் மறுபடி பார்க்க வேண்டும். பிறகு பல்பை நீக்கி, பாதி வால்யூமில் அரை மணி நேரம் ஓட்டி ஹீட் சிங்க்கின் சூட்டை அளக்க வேண்டும். 65 டிகிரிக்குள் நின்றால் மூடியைத் திருகலாம். திருகிய பிறகு துளை வழியாக இதே அளவை இன்னொரு முறை எடுத்து, 75 டிகிரியை எட்டினால் அடியிலும் மேலிலும் காற்றுத் துளை போட வேண்டும்.