விண்டரில ஹைட்ரோ பில்லைக் குறைக்கிறது எப்பிடி: ஒன்ராறியோவுக்குப் புதுசா வந்தாக்களுக்கு

இங்க கறண்ட் பில்லை எல்லாரும் ஹைட்ரோ பில் எண்டுதான் சொல்லுறவை, வந்த புதுசில நான் அதைத் தண்ணிப் பில் எண்டு நினைச்சு ஒரு மாசம் மேசையில போட்டு வச்சிட்டு பிறகு பைனும் சேர்த்துக் கட்டினனான்.

2025 நவம்பர் 1இல இருந்து விலை ஏறிட்டுது. அரசாங்கம் பில்லில கழிச்சு விடுற ரிபேட்டையும் 13.1 வீதத்தில இருந்து 23.5 வீதமாக் கூட்டினபடியா மொத்தத் தொகையில அவ்வளவா அடி விழேல்ல, ஆனா விலை கூடின நேரத்துக்கும் குறைஞ்ச நேரத்துக்கும் இடையில உள்ள வித்தியாசம் பெருத்திட்டுது. எங்களுக்கு விளையாட இடம் அங்கதான் இருக்கு.

1. முதல்ல பில்லைப் பாருங்கோ

எலெக்ட்ரிசிட்டி எண்ட பகுதியில ஆன்-பீக், மிட்-பீக், ஆஃப்-பீக் எண்டு மூண்டு வரி இருந்தா நீங்கள் டைம்-ஆஃப்-யூஸ் பிளான், அதாவது நேரத்துக்கு நேரம் விலை மாறுற பிளான். கனபேர் அதிலதான். இப்ப ஒரு யூனிட் (பில்லில kWh எண்டு இருக்கும், 1000 வாட் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடுற அளவு) விலை:

ஆஃப்-பீக் 9.8 சதம்: இரவு 7 தொடக்கம் காலமை 7 வரை, சனி ஞாயிறும் லீவு நாளும் முழுக்க
மிட்-பீக் 15.7 சதம்: காலமை 11 தொடக்கம் பின்னேரம் 5 வரை
ஆன்-பீக் 20.3 சதம்: காலமை 7 தொடக்கம் 11, பின்னேரம் 5 தொடக்கம் 7

சமர்ல மத்தியானந்தான் ஆன்-பீக், நவம்பர் தொடக்கம் ஏப்ரல் முடிய அது தலைகீழா மாறும். கோடையில பழகின பழக்கத்தை அப்பிடியே கொண்டு போனா மாட்டுப்படுவீங்கள்.

2. மணித்தியாலக் கிராஃப்

கறண்ட் கொம்பனியின்ர வெப்சைட்டில எக்கவுண்ட் திறந்தா எந்த மணிக்கு எவ்வளவு போனது எண்டு காட்டும். எங்கட வீட்டில கிழமை நாளில காலமை 7க்குப் பிறகு ஒரு மலை மாதிரி நிண்டுது, ஆர் இந்த நேரத்தில வீட்டில எண்டு யோசிச்சுப் பாத்தா, மாமி! பேஸ்மென்டில சாமித்தட்டுக்குப் பக்கத்தில ஒரு சின்ன ஹீற்றரைப் போட்டிட்டு தேவாரம் படிச்சு, பிறகு ஊர்ச் செய்தி பாத்து முடிய 11 மணியாகும்.

ஹீற்றர் 1500 வாட். நாலு மணித்தியாலத்துக்கு 6 யூனிட், 20.3 சதத்தால பெருக்கினா ஒரு நாளைக்கு 1.22 டொலர், மாசத்தில 22 வேலைநாள் எண்டா 27 டொலருக்குக் கிட்ட. மாமியைக் குளிரில இருங்கோ எண்டு சொல்லேலுமே? போய்ப் பாத்தா பேர்னஸ் (முழு வீட்டையும் சூடாக்கிற மெஷின்) காத்து வாற வென்ட்டுக்கு மேல அரிசி மூட்டை கிடக்குது. மூட்டையை நகர்த்தினன், அவ்வளவுதான், இப்ப ஹீற்றர் அரை மணித்தியாலம் போட்டாக் காணும். பேர்னஸ் காஸில ஓடுற வீடெண்டா அந்தச் சூடு கறண்ட் சூட்டை விட மலிவு.

3. சூடாக்கிற சாமானைப் பிடியுங்கோ

பிள்ளையளை லைற்றை நிப்பாட்டு எண்டு கத்திறதை விடுங்கோ, 9 வாட் எல்ஈடி பல்ப் பத்து மணித்தியாலம் எரிஞ்சாலும் ஆன்-பீக்கில கூட ரெண்டு சதம் வராது. ஹீற்றர், ட்ரையர், கறண்ட் அடுப்பு, கறண்டில சுடுதண்ணி டாங்க் இருந்தா அது, இவைதான் காசு தின்னிறது.

ட்ரையரில ஒருக்காக் காயப்போட 3 யூனிட் எண்டு வையுங்கோ. பின்னேரம் 6க்குப் போட்டா 61 சதம், 7க்குப் பிறகு எண்டா 29 சதம். ஆனா போட்டிட்டுப் படுக்கப் போகாதேங்கோ, உடுப்பில இருந்து உதிர்ந்து சேருற பஞ்சில (லின்ட்) நெருப்புப் பிடிக்கிற சாமான் அது. சமையலை மாத்தச் சொல்ல மாட்டன், பிள்ளையள் பசியோட வரேக்க ரெண்டு பிட்டு அவிக்கிறதில 20 சதம் மிச்சம் பிடிச்சு என்ன காண்றது.

4. பிளான் மாத்திறது

அல்ட்ரா-லோ ஓவர்நைட் எண்டொரு பிளான் இருக்கு, இரவு 11 தொடக்கம் காலமை 7 வரை 3.9 சதம்தான். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா கிழமை நாளில பின்னேரம் 4 தொடக்கம் இரவு 9 வரை 39.1 சதம். இரவில கார் சார்ஜ் பண்ணிறாக்களுக்குச் சரி, ஐஞ்சு மணிக்கு அடுப்பு மூட்டுற வீட்டுக்குச் சரிவராது. பகல் முழுக்க ஆக்கள் இருக்கிற வீடெண்டா டியர் (Tiered) பிளானையும் பாருங்கோ, விண்டரில மாசத்துக்கு முதல் 1000 யூனிட் 12 சதம், அதுக்கு மேல 14.2, நேரம் பாக்கத் தேவையில்லை.

கறண்ட் விலையைத் தீர்மானிக்கிற ஒன்ராறியோ எனர்ஜி போர்ட்டின்ர வெப்சைட்டில பில் கல்குலேட்டர் இருக்கு, உங்கட யூனிட்டைப் போட்டு மூண்டையும் ஒப்பிட்டுப் போட்டு மாத்திறதெண்டா கறண்ட் கொம்பனிக்கு ஒரு போர்ம் குடுக்கிறதுதான், காசில்லை.

5. கட்டேலாமப் போனா

வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு ஒன்ராறியோ எலெக்ட்ரிசிட்டி சப்போர்ட் புரோகிராம் இருக்கு, மாசாமாசம் பில்லில கழிச்சு வரும், வீட்டில எத்தினை பேர் எண்டதைப் பொறுத்துத் தொகை. வெக்கப்படாம விண்ணப்பியுங்கோ. நவம்பர் 15 தொடக்கம் ஏப்ரல் 30 வரைக்கும் காசு கட்டேல்ல எண்டு வீட்டுக் கறண்டை வெட்டேலாது, ஆனா கடன் ஏறிக்கொண்டுதான் இருக்கும், அதால மே மாசம் வரைக்கும் பாத்துக்கொண்டிராம இப்பவே போன் எடுத்துத் தவணை கேளுங்கோ.