பழைய பில்டிங்கை வைத்து மர்ம நாவல் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மர்ம நாவலுக்கு இடம் தேடுகிறவர்களுக்கு மும்பை மாட்டுங்காவைப் போல ஒன்று எளிதில் அமையாது. 1896-ல் பிளேக் வந்து ஊரே நடுங்கிய பிறகு, 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டை அமைத்து, நெரிசலைக் குறைப்பதற்காக தாதர், மாட்டுங்கா பக்கம் புதிதாகத் தெருக்கள் போட்டார்கள். ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றியும் கிங்ஸ் சர்க்கிள் பக்கமும் இன்று நிற்கிற மூன்று மாடி, நான்கு மாடி பில்டிங்குகளில் பல 1930, 40-களில் எழுந்தவை. வளைந்த பால்கனி, மொசைக் தரை, இழுத்துச் சாத்துகிற கிரில் கதவு லிஃப்ட், தலைமுறைகளாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள். இவ்வளவும் கையில் இருக்க, நாவலைத் திறந்தால் கிறீச்சிடும் கதவும் தானாக அணைகிற விளக்கும்தான் வருகிறது என்றால் வருத்தமாக இருக்கிறது. அந்த பில்டிங் எப்படி நடக்கிறதோ அதிலிருந்துதான் மர்மம் வர வேண்டும். ஊட்டி பங்களாவுக்கும் அப்படியே பொருந்துகிற ரகசியம் என்றால் கதையை மும்பைக்குக் கொண்டுவந்ததற்கு அர்த்தமே இல்லை.

ரகசியச் சுரங்கம் வைப்பதை முதலில் விடுங்கள். ஒரு கதைக்கு ஒரு ரகசிய வழிக்கு மேல் கூடாது என்று 1929-லேயே ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு விதி எழுதிவைத்தார். அதுகூட, அப்படி ஒரு வழி இருக்கக்கூடிய வீடாக இருந்தால் மட்டும்தான் என்றும் சொன்னார். மும்பையில் சுரங்கமே தேவையில்லை, ஏனென்றால் பழைய பில்டிங்குகளுக்குப் பின்னால் ஹவுஸ் கல்லி என்று ஒரு குறுகிய சந்து இருக்கிறது. கழிவுக் குழாய்கள் இறங்குகிற இடம். துப்புரவுத் தொழிலாளர்கள் வீட்டுக்குள் வராமல் பின்புறமாகவே ஏறிப் போகட்டும் என்று பல கட்டடங்களில் இரும்புச் சுருள் படிக்கட்டும் வைத்தார்கள். தீட்டு பார்த்துக் கட்டிய படிக்கட்டு அது. முன்வாசலில் யார் வந்தார்கள் என்று வாட்ச்மேன் சொல்வார், பின்னால் யார் ஏறினார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தப் படியில் ஏறுகிறவர்களை அந்த வீட்டுக்காரர்கள் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கதைக்கு இதைவிட நல்ல ரகசிய வழி எங்கே கிடைக்கும்?

அடுத்தது எல்லாரும் செய்வது: முப்பது வருடமாகப் பூட்டியே கிடக்கும் வீடு. இதில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தப் பழைய பில்டிங்குகளில் பல இன்னும் பகடி முறையில் இருப்பவை. அதாவது, முன்பணமாக ஒரு பெரிய தொகை கொடுத்து உள்ளே வந்த வாடகைதாரர், பிறகு மிகச் சொற்ப வாடகையில் காலம் முழுக்க இருக்கலாம். 1947-ல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தோடு கட்டிவைத்தது. 2000-ல் அமலுக்கு வந்த புதிய மகாராஷ்டிரச் சட்டம் வருடத்துக்கு 4 சதவிகிதம் ஏற்றிக்கொள்ளலாம் என்றது. இருந்தும் வாடகை சில நூறு ரூபாயில் நிற்கிற வீடுகள் உண்டு, அதே தெருவில் புது ஃப்ளாட் கோடிக்கணக்கில் போகும்போது. அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தக்க காரணமில்லாமல் தொடர்ந்து ஆறு மாதம் வீட்டைப் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வழக்குப் போடலாம். அதனால்தான் வெளிநாட்டில் இருக்கிறவர்கள்கூட யாரையாவது அனுப்பி விளக்கேற்றவும் கரண்ட் பில் கட்டவும் ஏற்பாடு செய்வார்கள்.

அப்படியானால் உங்கள் கதையில் அந்த வீடு முப்பது வருடம் பூட்டிக் கிடந்தபோது உரிமையாளர் ஏன் சும்மா இருந்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எழுதினால் மும்பை வாசகர் பத்தாவது பக்கத்திலேயே புத்தகத்தை வைத்துவிடுவார். பதில் இருந்தால் அதுவே நாவல். கோடிக்கணக்கில் மதிப்புள்ள வீட்டைத் திரும்ப வாங்க சட்டமே வழி கொடுத்திருந்தும் ஒருவர் கோர்ட்டுப் படி ஏறவில்லை என்றால், அவரை எதுவோ தடுத்திருக்கிறது. அல்லது வீடு உண்மையில் பூட்டிக் கிடக்கவில்லை. தாதர், மாட்டுங்கா பக்கமெல்லாம் பெஸ்ட் நிறுவனத்தின் மின்சாரம். மீட்டர்கள் கீழே ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும், அதில் பூட்டிய வீட்டு மீட்டர் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கட்டும். பேயைவிட அது அதிகம் பயமுறுத்தும்.

காகித விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பகடி பில்டிங்கில் சொசைட்டி செக்ரட்டரி, ஷேர் சர்டிஃபிகேட் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அதெல்லாம் வீட்டுக்காரர்களே சேர்ந்து நடத்துகிற ஹவுசிங் சொசைட்டியில்தான். கட்டடம் உரிமையாளருடையது, இருப்பவர்கள் வாடகைதாரர்கள், அங்கே ஷேர் சர்டிஃபிகேட்டுக்கு வேலையே இல்லை, வாடகை ரசீதுதான் உயிர். அது யார் பெயரில் இருக்கிறது என்பதற்காகக் குடும்பங்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கின்றன. வாடகைதாரர் இறந்தால், அந்த நேரத்தில் அவரோடு அதே வீட்டில் வசித்த குடும்பத்தாருக்குத்தான் முதல் உரிமை, அப்படி யாரும் இல்லையென்றால்தான் மற்ற வாரிசுகளுக்கு. அப்படியென்றால் பாலக்காட்டிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வந்த அக்கா பையன் உண்மையில் அத்தனை வருடம் அங்கே இருந்தானா, ரேஷன் கார்டில் பெயர் எப்போது ஏறியது, பாட்டி இறந்த தேதி சொல்லப்படுகிற தேதிதானா? வைர அட்டிகை, புதையல் என்று தேடி அலைவதை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். மனிதர்கள் பொய் சொல்வதற்குப் போதுமான காரணம் ஒரு ரசீதில் இருக்கிறது.

மரணத்தை எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். வீட்டிலேயே இறந்தால் டாக்டர் சர்டிஃபிகேட் இல்லாமல் சயான் சுடுகாட்டில் எரிக்க முடியாது. டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் போலீஸ் வரும், சாட்சிகளை வைத்துப் பஞ்சநாமா என்கிற குறிப்பு எழுதும், முதலில் விபத்து மரணம் என்றுதான் பதிவாகும், முதல் நாளே யாரும் கொலை என்று கத்த மாட்டார்கள். கதை 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கிறது என்றால் இன்ஸ்பெக்டர் 302 என்று பேசக்கூடாது, இப்போது கொலைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவு. அப்புறம், மும்பை வெயிலிலும் ஈரத்திலும் ஒரு பிணத்தை ஒரு வாரம் ஒளித்துவைத்து எதிர் வீட்டு மாமிக்குத் தெரியாமல் இருப்பது நடக்காத காரியம்.

மாமியைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது, இந்த பில்டிங்குகளில் தனிமை கிடையாது. காலையில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு மோட்டார் போட ஒருவர் இறங்குவார். பால்காரர், பேப்பர்காரர், பூ கொண்டுவருகிறவர், நாலு வீட்டில் வேலை செய்கிற பாயி எல்லாரும் ஏறி இறங்குவார்கள். கதாநாயகன் ஆளில்லாத படிக்கட்டில் விடியற்காலை தடயம் தேடுவதாக எழுதினால் யார் நம்புவார்கள்? நேரக் கணக்கையே இவர்களை வைத்துப் போடுங்கள். பழைய லிஃப்டில் கிரிலைச் சரியாகச் சாத்தாமல் போனால் அது அந்த மாடியிலேயே நின்றுவிடும், கீழே நிற்பவர்கள் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, யாராவது கிரிலைச் சாத்துங்கள் என்று குரல் கொடுப்பார்கள். மூன்றாம் மாடியில் ஐந்தே முக்காலுக்கு லிஃப்ட் நின்றிருந்தது என்று பால்காரர் சொல்வது அருமையான தடயம்.

ஊர்க் கணக்கு தப்பாதீர்கள். மாட்டுங்கா சென்ட்ரல் லைனில், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்னில், கிங்ஸ் சர்க்கிள் ஹார்பரில், மூன்றும் வேறு வேறு ஸ்டேஷன். 2005 ஜூலை 26 வெள்ளத்தை வைத்து எழுதுகிறவர்கள் 944 மில்லிமீட்டர் என்பதை ஊர் முழுக்கக் கொட்டிவிடுகிறார்கள். அது சாந்தாக்ரூஸ் கணக்கு, அதே நாளில் கொலாபாவில் நூறுகூட இல்லை.

பேச்சையும் கவனியுங்கள். எல்லாரும் மயிலாப்பூர்த் தமிழோ சினிமாத் தமிழோ பேசினால் ஆளை ஆள் பிரிக்க முடியாது. மாட்டுங்காவில் பாலக்காட்டுத் தமிழ் கேட்கும், தாராவியிலிருந்து வருகிற திருநெல்வேலி அண்ணாச்சி பேச்சு வேறு, இங்கேயே பிறந்த பேரன் நடுவில் ஹிந்தியைக் கலந்துதான் பேசுவான். பாட்டியின் குடும்பத்தில் வளர்ந்தேன் என்று சொல்கிறவன் பேச்சில் அந்த வீட்டு வார்த்தை ஒன்றுகூட வரவில்லை என்பதை, துப்பறிகிறவருக்கு முன்னால் வாசகர் கண்டுபிடிக்கட்டும்.

கடைசியாக, முடிவில் பில்டிங்கை இடித்து ரகசியத்தைப் புதைப்பது. ரீடெவலப்மென்ட் என்றாலே எழுதுகிறவர்களுக்கு இடிபாடுதான் தெரிகிறது. ஆனால் இடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள், எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று மாடா (MHADA) என்கிற மாநில அரசின் வீட்டு வாரியம் பட்டியலைச் சரிபார்க்கும். பாதிக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருடம் யாரும் கேட்காத கேள்விகளை எல்லா வீட்டு வாசலிலும் நின்று கேட்பார்கள், பூட்டிய வீட்டையும் திறக்கச் சொல்வார்கள். ரகசியம் வைத்திருக்கிறவருக்கு அன்றுதான் தூக்கம் போகும். அதனால் அந்தச் சரிபார்ப்புக்கான நோட்டீஸை முதல் அத்தியாயத்திலேயே லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.